பேரனின் கழுத்துக் கருமை

சென்ற ஆண்டு ஆனி மாதம், காரைக்காலில் மாங்கனித் திருவிழாவுக்கு முந்தைய சனிக்கிழமை. நெரவியில் எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றடியில் பேரனை உட்கார வைத்து என் மனைவி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கு வயது பத்து. தலைக்குச் சீயக்காய், உடம்புக்குப் பயற்றம் மாவு. பின்கழுத்து மடிப்பில் கரும்பட்டையாக ஒரு கறை படிந்திருந்தது. மூன்று மாதங்களாக அவளும் தேய்க்கிறாள், போகவில்லை. அன்று பீர்க்கங்கூட்டினால் அழுத்தித் தேய்த்ததில் பிள்ளை, "எரியுது பாட்டி" என்று அழுதுவிட்டான். "வெயிலில் ஆடுகிற பிள்ளைக்கு அழுக்குச் சேராதா?" என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். நான் திண்ணையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். அவன் வெயிலில் ஆடி நாங்கள் பார்த்துப் பல மாதங்கள் ஆயின என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு வாரங்கள் கழித்துச் சளிக் காய்ச்சலுக்காக அவனைக் குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் மார்பில் குழாய் வைப்பதற்கு முன்பே சட்டைக் காலரைச் சற்று விலக்கிக் கழுத்தைப் பார்த்தார். "அம்மா, இது அழுக்கு இல்லை. இனிமேல் தேய்க்காதீர்கள்" என்றார். உடலில் சர்க்கரையைக் கையாளும் இன்சுலின் என்னும் சுரப்பு, பருத்த உடலில் போதிய பலன் தருவதில்லையாம். அதை ஈடு செய்யக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அளவு மீறிய அந்தச் சுரப்பு தோலின் செல்களைத் தூண்டி, கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட்டுத் துணிபோல் தடித்த கருமையை உண்டாக்குகிறது. அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று மருத்துவ நூல்களில் பெயர். வேறு காரணங்களாலும் அது வருவதுண்டு. ஆனால் பருமனான பள்ளிப் பிள்ளையின் கழுத்தில் காணப்பட்டால், பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரக்கூடும் என்பதற்கான முன்னறிவிப்பாகவே மருத்துவர்கள் அதைக் கொள்கிறார்கள்.

உயரம் 138 சென்டிமீட்டர், எடை 47 கிலோ. வயதுக்குரிய வரைபடத்தில் குறித்துப் பார்த்து, 'உடற்பருமன்' என்று எழுதினார் மருத்துவர். இரத்தச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் ஆகியவற்றுக்குச் சோதனை எழுதினார். பிறகு கேட்டார்: "பள்ளி விட்டு வந்ததும் இவனுக்குச் சாப்பிடக் கொடுப்பது யார்?"

மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். வீடு திரும்ப மாலை ஏழு மணி ஆகிவிடும். நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

வாசக அன்பர்களில் பலர் என்னைப் போலவே பேரப் பிள்ளைகளை வளர்ப்பவர்கள். அதனால்தான், எழுதத் தயக்கமாக இருந்தாலும் எங்கள் வீட்டு மாலைப் பொழுதை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். நாலரை மணிக்குப் பள்ளி வேன் வந்து நிற்கும். வந்ததும் சத்துப் பொடி கலந்த பால். அதில் ஏற்கெனவே இனிப்பு இருக்க, மேலும் இரண்டு கரண்டிச் சர்க்கரை. தொட்டுக்கொள்ள முறுக்கோ வாழைக்காய் பஜ்ஜியோ. ஆறு மணிக்கு நான் கோயிலுக்குப் புறப்படும்போது வண்டியின் பின்னால் ஏறிக்கொள்வான். திரும்பும் வழியில் முக்குக் கடையில் ஒரு பாட்டில் மாம்பழ பானம், ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல். அது தாத்தாவின் பங்கு. அவன் அம்மாவுக்குத் தெரியாது. இரவுச் சாப்பாடு தொலைக்காட்சியின் முன்னால். பத்து வயதுப் பிள்ளைக்குப் பாட்டி இன்னமும் ஊட்டுவாள். படம் ஓடும், கை போகும், வாய் திறக்கும். "இன்னும் ஒரு வாய், இது தாத்தாவுக்கு, இது சாமிக்கு" என்று கணக்கு நீளும்.

மருமகள் ஓராண்டுக்கு முன்பே சொன்னாள். "அத்தை, இவனுக்கு எடை கூடிக்கொண்டே போகிறது, பஜ்ஜி வேண்டாமே" என்றாள். என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. வளர்கிற பிள்ளையை எடை போட்டுப் பார்த்தால் கண் பட்டுவிடும் என்றாள். நானும் மருமகளின் பக்கம் பேசவில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று அவள் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட மனம் சற்று ஆறியிருக்கும்.

நம் தலைமுறை ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதை நினைத்துப் பார்த்தேன். 1960களின் நடுவில் மழை பொய்த்து, நாடு முழுவதும் அரிசித் தட்டுப்பாடு வந்தது. நெல் விளையும் காவிரிக் கடைமடையிலேயே அன்றைக்குக் கூலிக்காரர் வீடுகளில் உலை வைக்காத நாட்கள் உண்டு. பள்ளிக்கு வருகிற பிள்ளை பசியோடு வருவான் என்பதுதான் அன்று எல்லோருடைய கவலையும். எங்கள் புதுச்சேரி, காரைக்கால் பகுதியில் பிரெஞ்சு ஆட்சியினர் 1930லேயே பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கினர். அப்பால் சென்னை மாகாணத்தில் காமராஜர் 1956இல் அதை விரிவாக்கினார். எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக வளர்த்தார். இந்தத் திட்டங்கள் யாவும் ஒல்லியான பிள்ளைக்காக வந்தவை. நம் தாய்மார்களின் மொழியும் அவ்வாறே அமைந்தது. 'கொழுகொழு' என்றால் பாராட்டு, 'பூசினாற்போல்' என்றால் அழகு, 'எலும்பும் தோலும்' என்றால் பெற்றவளுக்குப் பழி. அந்த அச்சம் நம் கைகளில் தங்கிவிட்டது. பசி போன பிறகும் கை ஊட்டுவதை நிறுத்தவில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் அன்று. தென் சீனாவின் இரு நகரங்களில் பள்ளிக் குழந்தைகளைப் பற்றிப் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2015இல் வெளியாயிற்று. பெரும்பாலும் தாத்தா, பாட்டியின் பொறுப்பில் வளரும் பிள்ளைகளுக்கு மிகை எடையும் பருமனும் வரும் வாய்ப்பு, பெற்றோர் பொறுப்பில் வளர்வோரைவிட ஏறத்தாழ இருமடங்கு என்பது அதன் முடிவு. காரணங்களாகச் சொல்லப்பட்டவை அப்படியே எங்கள் வீட்டுக்குப் பொருந்தின: பஞ்சம் பார்த்த முதியோர் பருமனை ஆரோக்கியம் என்று கருதுகிறார்கள், அன்பை உணவாகக் காட்டுகிறார்கள், பிள்ளையை ஒரு வேலையும் செய்யவிடுவதில்லை. கடைசியாகச் சொன்னதைப் படித்தபோது என் மனைவி சிரித்துவிட்டாள். குடிக்கத் தண்ணீர்கூட அவன் உட்கார்ந்திருக்கும் இடத்திற்குத்தான் போகும்.

உலக நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 39 கோடிக்கும் மேற்பட்டோர் 2022இல் மிகை எடையுடன் இருந்தனர், அவர்களில் 16 கோடிப் பேர் பருமன் நிலையில் இருந்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்த வயதினரில், எடை குறைந்தவர்களைவிடப் பருமனானவர்கள் அதிகம் என்னும் நிலை வரலாற்றில் முதன்முறையாக வந்துவிட்டதாக 2025 செப்டம்பரில் யுனிசெஃப் அறிவித்தது. நம் பகுதிக்கு வருவோம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், காரைக்கால் அடங்கிய புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் பெண்களில் 100க்கு 46 பேரும் ஆண்களில் 43 பேரும் மிகை எடை அல்லது பருமன் உடையவர்கள். நாட்டுச் சராசரியோ 100க்கு 23, 24 பேர். பெற்றோர் இருவரும் பருமனாக இருந்தால் பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு கூடுகிறது. பரம்பரை உடல்வாகு ஒரு பங்கு. ஒரே அடுப்பு, ஒரே நாற்காலி, ஒரே தொலைக்காட்சி என்பது இன்னொரு பங்கு.

எனக்குப் புதிதாகத் தெரியவந்த செய்தி ஒன்று உண்டு. எங்கள் பேரன் பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்கும் குறைவு. 'சவலைப் பிள்ளை' என்று சொல்லிச் சொல்லித்தான் அவனைத் தேற்றினோம். புனேயில் மருத்துவர் யாஜ்னிக் தலைமையில் 1990களிலிருந்து நடந்துவரும் ஆய்வு, இந்தியக் குழந்தைகள் பிறக்கும்போது எடையில் சிறியவர்களாக இருந்தாலும், தசை குறைந்து, அந்த அளவுக்குக் கொழுப்புக் குறையாமல் பிறக்கிறார்கள் என்று காட்டியது. இப்படிப் பிறந்த பிள்ளையை 'ஈடு கட்டுகிறேன்' என்று வேகமாகப் பெருக்க வைத்தால், பிற்காலத்தில் பருமனும் சர்க்கரை நோயும் வரும் வாய்ப்பு மிகுதி. மெலிந்து பிறந்தவனுக்கு அளவு மீறி ஊட்டினால் ஆபத்து கூடும் என்று அன்று யாரேனும் சொல்லியிருந்தால் நாங்கள் நம்பியிருக்க மாட்டோம்.

நான் 34 ஆண்டுகள் வங்கியில் பணியாற்றியவன். சிறு எழுத்தில் அச்சிட்டதைப் படிக்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. ஆனால் பேரனுக்கு வாங்கிக் கொடுத்த பாட்டிலை மட்டும் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன். 100 மில்லி லிட்டருக்குச் சர்க்கரை 12 கிராமுக்கு மேல். பாட்டில் 250 மில்லி. அதாவது 30 கிராம். தேக்கரண்டிக் கணக்கில் ஆறு. அந்த வயதுப் பிள்ளை ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்தே சுமார் 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறார்கள். நான் வாங்கிக் கொடுத்த ஒரே பாட்டிலில் அது தாண்டிவிட்டது. பாலில் போட்டது தனி. இதில் இன்னொரு சூட்சுமம்: மாம்பழத்தை மென்று தின்றால் நாரும் சேர்ந்து வயிறு நிறையும். பானமாகக் குடித்தால் வயிறு அதைச் சாப்பாடாகக் கணக்கில் கொள்வதில்லை. இரவு உணவு வழக்கம்போலவே இறங்கும். காரைக்காலம்மையார் திருவிழாவில் மாடிகளிலிருந்து மாங்கனிகளை இறைக்கும் ஊரில், பாட்டிலில் அடைத்த பானத்தைப் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அரசும் பள்ளிகளும் சும்மா இல்லை. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025 மே மாதத்தில், எந்தப் பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் பலகையைப் பள்ளிகளில் வைக்கச் சொன்னது. சத்துப் பொடிப் பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பில் இணையத்தில் விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமும் அறிவுறுத்தியது. எல்லாம் சரி. 50 மீட்டருக்கு அப்பால் முக்குக் கடையும், அதற்கும் அப்பால் தாத்தாவின் சட்டைப் பையும் இருக்கின்றனவே.

உணவு மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது வாய்க்கால் கரையோடு பள்ளிக்கு நடந்தோம். மாலையில் சடுகுடு, கிட்டிப்புள். கோடையில் அரசலாற்றில் நீச்சல். இப்போது வீட்டு வாசலில் ஏறிப் பள்ளி வாசலில் இறங்குகிறான். சாலையில் போகும் வண்டிகளைப் பார்த்தால் பிள்ளையைத் தெருவில் விட எனக்கே அச்சம். அவன் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. மாலையில் தனிப்பயிற்சி, பிறகு கைபேசி. பள்ளி வயதினர் நாள்தோறும் குறைந்தது ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எங்கள் பேரனுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் தேறினால் அதிகம்.

தூக்கத்தை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு இரவில் 9 மணி முதல் 12 மணி நேரம் வரை தூக்கம் தேவை. இவன் பதினொன்றுக்குப் படுத்து ஆறுக்கு எழுவான். தூக்கம் குறைந்த உடல் மறுநாள் கூடுதலாகப் பசிக்கிறது. அந்தப் பசியும் கீரையைத் தேடுவதில்லை, இனிப்பையும் வறுவலையுமே தேடுகிறது. குறட்டை வேறு. 'அசந்து தூங்குகிறான், பாவம்' என்று என் மனைவி போர்வையை இழுத்துவிடுவாள். பருமனான பிள்ளையின் குறட்டை மூச்சுத் தடையின் அடையாளமாக இருக்கலாம், தவறாமல் சொல்லுங்கள் என்றார் மருத்துவர்.

'வரவு அதிகம், செலவு குறைவு, மிச்சம் கொழுப்பு' என்று வங்கிக்காரனாக நான் சுருக்கிச் சொல்லப் பார்த்தேன். மருத்துவர் ஒப்புக்கொள்ளவில்லை. தூக்கம், பரம்பரை, பிறப்பு எடை, மன வருத்தம் எல்லாம் வட்டி விகிதத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் கணக்கு இது என்றார். அந்த மன வருத்தம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு விசாரித்தபோதுதான், வகுப்பில் அவனை 'குண்டு' என்று அழைக்கிறார்கள் என்பதும், விளையாட்டு வேளையில் அவனை எந்த அணியும் சேர்ப்பதில்லை என்பதும், அதனாலேயே அவன் மைதானத்துக்குப் போவதில்லை என்பதும் வெளிவந்தன. வீட்டிலும் நான் செல்லமாக அப்படி அழைத்ததுண்டு. அன்றோடு நிறுத்தினேன்.

கோயிலுக்குப் போகிற குடும்பங்கள் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். நம் பெரியவர்கள் பிரசாதத்தை உள்ளங்கையில்தான் வாங்கினார்கள். வலக்கையை இடக்கை தாங்க, ஒரு பிடி சுண்டல். கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டால் முடிந்தது. மார்கழிப் பொங்கல்கூடச் சிறு தொன்னை அளவே. இன்று பிரதோஷத்திற்குப் போனால் தட்டு நிறையப் புளியோதரை, அதன்மேல் கேசரி, வீட்டுக்கு ஒரு பொட்டலம். உபயதாரரின் மனத்தை நான் குறை கூறவில்லை. நானும் உபயம் செய்தவன்தான். ஆனால் 'சாமி பிரசாதம், மறுக்கக் கூடாது' என்று சொல்லிப் பேரனுக்கு இரண்டாம் தட்டும் வாங்கிக் கொடுத்தவன் நான். மறுக்கக் கூடாது என்பது பிரசாதத்திற்குத்தான். அளவுக்கு அப்படி ஒரு விதி எங்கும் கேட்டதில்லை.

இனி, எங்கள் வீட்டில் என்ன மாறிற்று என்று சொல்கிறேன். பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம், விரதம் வேண்டாம், எடை குறைக்கும் பொடி எதையும் தொட வேண்டாம் என்று மருத்துவர் முதலிலேயே எச்சரித்துவிட்டார். வளரும் வயது, எடை கூடாமல் நிறுத்தினாலே, உயரம் வளர வளரக் கணக்கு நேராகிவிடும் என்றார். அதனால் எடைக் கருவி வாங்கவில்லை. கண் படும் என்று அஞ்சும் என் மனைவிக்கும் அது நிம்மதி. அதற்குப் பதில் அவர் சொல்லிக் கொடுத்தது ஓர் எளிய வழி. பிள்ளையின் உயரத்திற்கு ஒரு கயிற்றை அளந்து, அதைச் சரிபாதியாக மடித்து, இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். முனைகள் தொட்டால் நல்லது. தொடாவிட்டால் இடுப்புச் சுற்றளவு உயரத்தின் பாதியைத் தாண்டிவிட்டது என்று பொருள். எங்கள் பேரனுக்கு எட்டுச் சென்டிமீட்டர் இடைவெளி இருந்தது. அரைஞாண் கயிற்றை ஓராண்டில் மூன்று முறை மாற்றியதை அப்போதுதான் என் மனைவி நினைவுகூர்ந்தாள். 'பிள்ளை வளர்கிறான்' என்று மகிழ்ந்தல்லவா ஒவ்வொரு முறையும் புதுக் கயிறு கட்டினாள்!

மாலைப் பாலில் பொடியும் சர்க்கரையும் நின்றன. முதல் பத்து நாள் பெரும் போராட்டம். டம்ளர் இரண்டு முறை முற்றத்தில் பறந்தது. பஜ்ஜிக்குப் பதில் அவித்த கடலை, கொய்யா, பயற்றஞ் சுண்டல். பஜ்ஜி அறவே ஒழியவில்லை. மாதத்தில் ஒரு நாள், எல்லோரும் சேர்ந்து. அவனுக்கு மட்டும் ஒரு சட்டம் என்றால் பிள்ளை ஏற்க மாட்டான் என்பதால், எனக்கும் மாலை வடை போயிற்று. எனக்குச் சர்க்கரை நோய் வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. மருத்துவர் சொல்லி விடாததைப் பேரனுக்காக விட்டேன். சாப்பாட்டு வேளையில் தொலைக்காட்சி இல்லை. ஊட்டுவது நின்றது. இதுதான் என் மனைவிக்கு எல்லாவற்றிலும் கடினம். தன் கையால் எடுத்து உண்ணும்போது அவன் போதும் என்று தானே சொல்வதைக் கேட்டு, "என் கையில் இவ்வளவு நாளும் இவன் போதும் என்று சொன்னதே இல்லையே" என்றாள். சொல்ல இடம் கொடுத்தோமா என்பது வேறு.

கோயிலுக்கு வண்டியை விட்டு நடந்தே போகிறோம். அவன் முன்னால் ஓடிப் போய் நின்று, "வாங்க தாத்தா" என்பான். மூன்று சுற்று வலம் வந்தது போய் ஒன்பது சுற்றாயிற்று. எண்ணுவது அவன் பொறுப்பு. நான் ஏமாற்றிக் குறைத்துவிடுவேனோ என்று அவனுக்குச் சந்தேகம். ஞாயிறன்று மகன் அவனை நீச்சல் பழக அழைத்துப் போகிறான். இரவு ஒன்பதரைக்கு வீட்டில் எல்லாக் கைபேசிகளும் பூஜை அறைக்கு வெளியே உள்ள மாடத்தில் வந்து உட்கார்ந்துவிட வேண்டும், மருமகளின் ஏற்பாடு. இம்முறை நான் அவள் பக்கம் பேசினேன்.

சோதனை முடிவில் சர்க்கரை எல்லைக்குள் இருந்தது. கல்லீரலில் சிறிது கொழுப்பு. ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் என்றார்கள், தை மாதம் பார்த்தோம். உயரம் மூன்று சென்டிமீட்டர் கூடியிருந்தது, எடை ஒரு கிலோ குறைந்திருந்தது. கயிற்றின் இடைவெளி எட்டிலிருந்து நான்காயிற்று. கழுத்துக் கருமை இன்னும் போகவில்லை. வெளுக்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம் என்றார் மருத்துவர். சனிக்கிழமைதோறும் எண்ணெய்க் குளியல் நடக்கிறது. என் மனைவி அந்த இடத்தில் பயற்றம் மாவை மெல்லப் பூசிக் கழுவிவிட்டு, வெயிலில் திருப்பி நிறுத்தி, சென்ற வாரத்தைவிட ஒரு நூல் வெளுத்திருக்கிறதா என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறாள். நானும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்க்கிறேன்.